ஆலம் சுற்றாத கை

1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து இந்திய அமைதி காக்கும் படையின் கடைசி அணிகள் கப்பலேறின. சென்னைத் துறைமுகத்தில் அவர்களுக்கு வரவேற்பு ஏற்பாடாகியிருந்தது. தன் மாநிலத்தின் கரையில் இறங்கும் படையை வரவேற்கப் போக வேண்டிய முதலமைச்சர் மு. கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையைத் தம்மால் வரவேற்க இயலாது என்பதுதான் அவர் சொன்ன காரணத்தின் சாரம். சிலர் அதைத் தேசத் துரோகம் என்றார்கள். சிலர் தன்மானம் என்றார்கள். இலங்கைப் பிரச்சினையில் தமிழக அரசியலின் வரலாற்றை எழுதும் எவரும் அந்த நாளைத் தாண்டிப் போவதில்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்னால், குடியாத்தத்தில் எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வரவேற்பு நடக்காமல் போனது. அது எந்த வரலாற்றிலும் இல்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். படை கட்டம் கட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்த சமயம் அது. தை மாதத்தில் ஒருநாள் காலை, பெட்டியும் படுக்கைச் சுருளுமாக வாசலில் வந்து நின்றார். ஆயா ஓடிப்போய்த் தட்டில் தண்ணீர் ஊற்றி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, சூடம் வைத்துச் சின்னம்மாவின் கையில் கொடுத்தார். தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்த சின்னம்மா எழுந்து வந்து தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் சுற்றவில்லை. சித்தப்பாவைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க பொம்பளைங்கள, கொழந்தைங்கள எதனா பண்ணீங்களா?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. தலை குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். சின்னம்மா தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கடைசியில் ஆயாதான் ஆலம் சுற்றித் தண்ணீரைத் தெருவில் கொட்டினார்.

தம்பி மனைவியிடம் நேரடியாகப் பேசும் பழக்கம் நைனாவுக்கு இல்லை. கூடத்தில் நின்று பொதுவாகக் கத்தினார். "உசுரோட வந்து நிக்கறான். ஒரு தட்டு சுத்தறதுக்கு இன்னா ராங்கி பாரு!" அந்த 'ராங்கி' என்ற சொல் சின்னம்மாவின் மேல் வெகுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் வந்தால் அந்தக் கதையைச் சொல்லாமல் போகமாட்டார்கள்.

நைனா தி.மு.க.காரர். மார்ச் மாதச் செய்தி வந்தபோது, படிப்பகத்திலிருந்து பத்திரிகையைக் கையோடு கொண்டுவந்து கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தார். "கலைஞருன்னா கலைஞருதான். எவனுக்கு வரும் இந்தத் தைரியம்?" ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த சின்னம்மாவும் அதைக் கேட்டார். தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. ராட்டினம் மட்டும் நின்று, பிறகு மறுபடி சுற்றியது.

ஒரே மறுப்பு. ஆண் செய்தபோது கொள்கை. பெண் செய்தபோது ராங்கி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முனைவர் பட்டமும் இருபது ஆண்டு ஆசிரியப் பணியும் தேவைப்பட்டன என்பதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

*

எங்கள் மாவட்டம் படைக்கு ஆள் அனுப்பும் மாவட்டம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. பாலாற்றில் தண்ணீர் இல்லை. நிலம் உள்ளவனுக்கே மழையை நம்பிய பிழைப்பு. ஆம்பூர், பேரணாம்பட்டு என்றால் தோல், குடியாத்தம் என்றால் கைலி, தீப்பெட்டி, பீடி. இவற்றில் எதிலும் மாதச் சம்பளமும் பென்ஷனும் கிடையாது. பட்டாளத்தில் அன்று இரண்டும் இருந்தன. ஆகவே எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நாட்டுப்பற்றோடும் பசியோடும் சேர்ந்தே படைக்குப் போனார்கள். வெளியுறவுக் கொள்கை என்பது டெல்லியில் எழுதப்படுவதுதான். அதைத் தோளில் சுமந்துகொண்டு போவது இப்படிப்பட்ட ஊர்களின் பிள்ளைகள்.

அவர்கள் எங்கே போனார்கள் என்பதுகூட வீட்டுப் பெண்களுக்குத் தெரியாது. கடிதத்தின் விலாசத்தில் '56 ஏ.பி.ஓ.' என்று மட்டும் இருக்கும். அது காஷ்மீராகவும் இருக்கலாம், கிளிநொச்சியாகவும் இருக்கலாம். சின்னம்மா இரவு ஒன்பது மணிக்கு மேல் சித்தப்பாவின் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு பி.பி.சி. தமிழோசை கேட்கத் தொடங்கியது இதனால்தான். புருஷனைத் தேடித்தான் அவர் வானொலியைத் திருப்பினார். கிடைத்தது யாழ்ப்பாணத்துப் பெண்களின் செய்தி.

அந்தச் செய்தியின் பின்னணி இன்றைய மாணவிகளுக்குத் தெரிவதில்லை. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வடக்கு கிழக்குத் தமிழர்கள் அதற்கு முன் கேட்கப்படவில்லை. மறுநாளே இந்தியப் படை போய் இறங்கியது. ஆகஸ்ட் 2 அன்று சென்னை மெரினாவில் ராஜீவ் பேசிய கூட்டத்தில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். உடனிருந்தார். முதலில் யாழ்ப்பாணத்து மக்கள் அந்தப் படையை மாலையிட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 26 அன்று, இந்தியாவிடம் கோரிக்கை வைத்துத் தண்ணீர்கூட அருந்தாமல் உண்ணாவிரதமிருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் 10 அன்று இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் தொடங்கியது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் படை புகுந்தது. நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள், ஊழியர்கள் என அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். உள்ளிருந்து புலிகள் சுட்டார்கள் என்பது படைத்தரப்பின் விளக்கம். உயிர் தப்பிய ஊழியர்களின் சாட்சியம் வேறு. அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

கொழும்பு அரசின் ஒப்புதலோடு போன படை என்பதால் அதை ஆக்கிரமிப்பு என்று சொல்லக் கூடாது என வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் 1989 ஜூனில், அதிபர் பிரேமதாசா ஜூலை 29க்குள் வெளியேறும்படி வெளிப்படையாகவே சொன்னார். அந்தக் கெடு முடிந்து ஏறக்குறைய எட்டு மாதம் படை அங்கேதான் இருந்தது. அழைத்த வீட்டுக்காரன் போகச் சொன்ன பிறகும் இருப்பவனை எங்கள் ஊரில் விருந்தாளி என்று சொல்வதில்லை. சோதனைச் சாவடியில் உடம்பெல்லாம் தடவப்பட்ட பெண்ணுக்கு அந்தச் சொல்லைத் தேட அகராதியும் தேவைப்பட்டிருக்காது.

*

கருணாநிதியின் மறுப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதன் எடையைப் புரிந்துகொள்ள அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையைப் பார்க்க வேண்டும். பாதுகாப்பு, படைகள், வெளிநாட்டு விவகாரம், பிற நாடுகளோடு ஒப்பந்தம், போரும் அமைதியும் என இவை எல்லாமே ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு மாநில முதலமைச்சருக்கு வெளியுறவுக் கொள்கை என்று எதுவும் கிடையாது. இருபது கல் தொலைவில் தன் மொழி பேசும் மக்கள் வாழும் கடலுக்கு இந்தப் பக்கம் ஆட்சி செய்பவருக்கும் அதே விதிதான். அவரால் படையை அனுப்பவும் முடியாது, திரும்ப அழைக்கவும் முடியாது. ஒப்பந்தத்தை அவர் விமர்சித்தார். 1989 ஜனவரியில் ஆட்சிக்கு வந்த பிறகு படை திரும்ப வேண்டும் என்றார். டிசம்பரில் வி.பி. சிங் பிரதமரானதும், தமிழ் அமைப்புகளோடு பேசும் பொறுப்பு அவருக்கு வந்தது. அதிலும் முடிவெடுக்கும் அதிகாரம் அவருடையது அல்ல. கடைசியில் அவர் கையில் மிஞ்சியது ஒன்றே ஒன்று: ஓர் இடத்துக்குப் போகாமல் இருப்பது.

அதிகாரம் இல்லாதவர்களின் கருவி அது. பெண்களுக்கு அது மிகப் பழைய பழக்கம். வீட்டில் எந்த முடிவிலும் குரல் இல்லாதவள் பேசாமல் இருப்பாள், சாப்பிடாமல் இருப்பாள், விசேஷத்துக்கு வராமல் இருப்பாள். அதை ஊடல் என்று இலக்கியம் அழகாக்கியது. வீம்பு என்று வீடு ஏசியது. டெல்லியின் முன்னால் மாநிலம் நின்ற இடமும், வீட்டின் முன்னால் பெண் நின்ற இடமும் அன்று ஒன்றாக இருந்தன. மாநில உரிமை பேசிய எங்கள் நைனாவுக்கு முதலாவது தெரிந்தது, இரண்டாவது தெரியவில்லை.

கருணாநிதி அதற்கு விலையும் கொடுத்தார். 1991 ஜனவரி 30 அன்று, சந்திரசேகர் பிரதமராக இருந்தபோது, தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. புலிகளின் நடமாட்டமும் சட்டம் ஒழுங்கும் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அதற்கு அறிக்கை தர மறுத்தார். அறிக்கை இல்லாமலேயே கலைத்தார்கள்.

ஆனால் ஒரு மறுப்பு எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் பெண்கள் கேட்டாக வேண்டும்.

அந்தக் காலத்துத் தமிழக மேடைகளை நினைத்துப் பார்க்கிறேன். 'நம் சகோதரிகளின் மானம்' என்ற சொற்றொடர் இல்லாத பேச்சு அபூர்வம். வன்புணர்வு என்பது ஒரு பெண்ணின் உடம்புக்கும் வாழ்வுக்கும் நேர்ந்ததாக அல்ல, இனத்தின் மானத்துக்கு நேர்ந்த களங்கமாகவே பேசப்பட்டது. மானம் ஆண்களுடையது, உடம்பு மட்டும் அவளுடையது. பாதிக்கப்பட்ட பெண் என்ன கேட்கிறாள் என்று கேட்க அந்த மேடைகளில் ஒலிபெருக்கி இல்லை.

அவளிடம் போய்க் கேட்டவர் ஒருவர் இருந்தார். ரஜனி திராணகம, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். இந்தியப் படையினரால் சிதைக்கப்பட்ட பெண்களின் வாய்மொழியை வீடு வீடாகச் சென்று பதிவு செய்தார். சக ஆசிரியர்கள் மூவருடன் சேர்ந்து அவர் எழுதிய 'முறிந்த பனை' இந்தியப் படையை மட்டுமல்ல, இலங்கை அரசையும் புலிகள் உள்ளிட்ட எல்லா இயக்கங்களையும் ஒரே தராசில் நிறுத்தியது. 1989 செப்டம்பர் 21 அன்று, பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 35. சுட்டது புலிகள் என்றே அவருடைய சக ஆசிரியர்களும் குடும்பத்தாரும் சொல்கிறார்கள். அவர் கொல்லப்பட்டு ஆறு மாதத்தில் வந்ததுதான் சென்னைத் துறைமுக வரவேற்பு. படைக்கு எதிரான சாட்சியங்களைத் திரட்டிய பெண், படைக்கு எதிராகப் போரிட்டவர்களால் கொல்லப்பட்டார் என்ற உண்மைக்குத் தமிழகத்தின் மறுப்பில் இடம் இருக்கவில்லை. படையைப் பார்த்த கண், துப்பாக்கியை முழுவதுமாகப் பார்க்கவில்லை.

இன்னொருவர் பூபதி. மட்டக்களப்பைச் சேர்ந்தவர், பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர், அன்னையர் முன்னணியில் இருந்தவர். 1988 மார்ச் 19 அன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் உண்ணாவிரதம் தொடங்கினார். அவருக்கு முன்னால் அதே கோரிக்கைகளோடு அதே இடத்தில் உட்கார்ந்த அன்னம்மா டேவிட்டைப் படையினர் தூக்கிச் சென்றிருந்தார்கள். பூபதி ஏப்ரல் 19 அன்று இறந்தார். கோரிக்கைகள் இரண்டுதான்: உடனே போரை நிறுத்துங்கள், இந்திய அரசும் புலிகளும் பேசுங்கள்.

இந்த இரண்டு வரியை நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போடுவதுண்டு. ஒரு பெண் ஓர் அயல்நாட்டு அரசுக்கு எழுதிய வெளியுறவுக் கொள்கை இது. பழி வாங்கு என்று அதில் இல்லை. மானம் என்ற சொல் இல்லை. இரண்டு தரப்பையும் பார்த்துச் சொல்கிறது. ஆனால் அவர் இறந்த பிறகு ஒரு தரப்பு அவரைத் தன் தியாகியாக்கிப் படமாக மாட்டிக்கொண்டது. மறு தரப்பு அவரை ஏவிவிடப்பட்ட கிழவி என்றது. பேசுங்கள் என்று அவர் கேட்டது இரண்டு பக்கத்துக் காதிலும் விழவில்லை.

பின்னால் வந்த ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2009இல் கருணாநிதி மீண்டும் முதலமைச்சர். அவருடைய கட்சி ஒன்றிய ஆட்சியிலும் பங்கு வகித்தது. வன்னியில் மக்கள் குண்டுகளுக்கு நடுவில் இருந்த ஏப்ரல் 27 அன்று, அவர் அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்துவது நிற்கும் என்ற அறிவிப்போடு மதியத்துக்குள் அது முடிந்தது. குண்டுகள் நிற்கவில்லை. கையில் எதுவும் இல்லாதபோது அவருடைய மறுப்பு கனத்தது. டெல்லியில் பங்கு இருந்தபோது அது இலேசாகிவிட்டது. மறுப்பின் பலம் மறுப்பவரின் பதவியில் இல்லை, எதை இழக்கத் தயார் என்பதில் இருக்கிறது என்பதை, முப்பத்திரண்டு நாள் உண்ணாமல் இருந்த பூபதியையும் அந்த ஒரு காலையையும் சேர்த்துப் பார்க்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள்.

*

சின்னம்மாவிடம் திரும்புகிறேன்.

துறைமுகத்துக்குப் போகாதவருக்கு அதோடு வேலை முடிந்தது. அன்று மாலை அவர் வேறு கோப்புகளைப் பார்த்திருப்பார். சின்னம்மாவுக்கு வேலை அப்போதுதான் தொடங்கியது. ஆலம் சுற்றாத அதே கையால் அன்று மதியம் சோறு போட்டார். சித்தப்பா நடு இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்வார். தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டால் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார். அப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சின்னம்மாதான். அந்தப் போரில் ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. திரும்பி வந்தவர்களை இரவில் பார்த்துக்கொண்ட பெண்களின் கணக்கு எந்த அமைச்சகத்திலும் இல்லை.

எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலை புறப்பட்டுக் கோபாலபுரம் கோயிலுக்கு வரும். தேங்காய்கள் உடைபட்டுத் தெருவெல்லாம் ஓடும். அது ரேணுகையின் தலை. அப்பன் உத்தரவிட்டான், மகன் பரசுராமன் தாயின் தலையை வெட்டினான் என்பது கதை. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவன் அவன். ஆனால் எங்கள் ஊர் கோடாரியை ஊர்வலம் விடுவதில்லை. வெட்டுப்பட்ட தலையைத்தான் தோளில் சுமந்துபோய் உடம்போடு சேர்க்கிறது. சித்தப்பா ஒரு திருவிழா நாளில், சிரசு எங்கள் தெரு முனையைக் கடக்கும்போது, யாரையும் பார்க்காமல், "ஆர்டர்னா ஆர்டர்தான்" என்று முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற சின்னம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். ஆயுளில் அவர் சொன்ன பதில் அவ்வளவுதான்.

என் வகுப்பில் இப்போது எங்கள் மாவட்டத்து முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். தமிழ்நாட்டில் பிறந்தவள். அம்மாவின் வயிற்றிலும் தோளிலுமாகக் கடல் கடந்த குடும்பம். 2021இல் முகாமின் பலகையில் 'அகதிகள்' என்ற சொல் போய் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. சொல் மாறியதில் அவளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவளிடம் குடியுரிமை இல்லை. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளின் பெயரைச் சொல்கிறது. இலங்கை அதில் இல்லை. அரசு வேலைக்கான தேர்வை அவளால் எழுத முடியாது. பூபதியின் இரண்டு வரியைப் பலகையில் எழுதிய நாளில் அவள் கேட்டாள்: "மிஸ், இவங்க கேட்டதுக்கு இந்தியா பதில் சொல்லிச்சா?"

அந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன், ஒரு வாசலில்.

2018 ஆகஸ்டில் கருணாநிதி மறைந்தபோது, தொலைக்காட்சியில் அவர் வாழ்க்கையை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமைதிப் படையை வரவேற்க மறுத்ததும் வந்தது. நைனாவும் சித்தப்பாவும் அப்போது இல்லை. நானும் சின்னம்மாவும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். இருபத்தெட்டு வருடமாகக் கேட்காததை அன்று கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் சின்னம்மா ஆலம் சுத்தல?"

சின்னம்மா புடவை முந்தியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"சுத்தக் கூடாதுன்னு நான் நெனைக்கலமா. கேட்டதுக்குப் பதில் சொல்லியிருந்தா, எந்தப் பதிலா இருந்தாலும், சுத்தியிருப்பேன்."